இலை கிள்ளியவள்

அம்மாவின் பதிமூன்றாம் நாள் காரியத்தை முடித்துவிட்டு ஹீராமணி மலையிறங்கி வந்தபோது ஆப்பிள் தோட்டம் முழுக்கச் சிவந்திருந்தது. சாவுச் செய்தி வந்து கிளம்பிய அன்று காலையில்தான் ஒரு பழத்தை அறுத்துப் பார்த்திருந்தாள். விதை இன்னும் கறுக்காமல் வெள்ளையாக இருந்தது. இன்னும் மூன்று வாரம் ஆகும் என்று கணவன் தௌலத் ராமிடம் சொல்லிவிட்டுப் போனாள். சிதை எரிந்த அன்றே அவன் ஊர் திரும்பிவிட்டான். தோட்டத்தைப் போட்டுவிட்டு இருக்க முடியாது என்றான். அது நியாயமாகத்தான் பட்டது அவளுக்கு.

ஜூலை முழுக்க அவள் ஏணியில்தான் நின்றாள். வெயில் பட்டுத் தானாகச் சிவக்கட்டும் என்று, பழத்தின்மேல் ஒட்டிக் கிடக்கும் இலையை மட்டும் கிள்ளுவாள். கிளையோரத்து இலைகள் பழத்துக்குச் சோறு போடுபவை, அவற்றைத் தொடமாட்டாள். வெயில் படாத பக்கத்தைக் காம்பு நோகாமல் திருப்பி வைப்பாள். நாற்பது மரம். பக்கத்துத் தோட்டத்திலிருந்து கணவனின் அண்ணன் கிஷோரி லால் தினமும் குரல் கொடுப்பார். "என்ன தம்பி, உன் பொண்டாட்டி ஆப்பிளுக்குப் பேன் பாக்குறாளா? என் மொத லாரி டெல்லிக்குப் போயாச்சுப்பா!" அதைக் கேட்டால் தௌலத் ராம் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிடுவான்.

"வெயில் நல்லா அடிச்சுது" என்றான் இப்போது, அவள் முகத்தைப் பார்க்காமல்.

அவள் ஒரு பழத்தைக் கட்டைவிரலால் அழுத்தினாள். விரல் பதிந்தது. அவள் விட்டுவைத்த இலைகள் ஆகஸ்டிலேயே பழுத்து உதிர்ந்துகொண்டிருந்தன. மருந்து கலக்கும் நீல டிரம்மில் நெடி இன்னும் போகவில்லை.

"கலர் மருந்து அடிச்சீங்களா?"

"ஊரே அடிக்குது. நாலே நாள்ல எப்படி ஆயிருக்கு பாரு. நாளைக்கு லாரி வருது."

லாரி வரவில்லை. இரவு பெய்த மழையில் கீழே மலை சரிந்து சாலையை மூடிவிட்டது. மருந்து அடிக்காத பழமாக இருந்தால் கிளையிலேயே காத்திருக்கும். சிவக்கவைத்த மருந்தே காம்பையும் தளர்த்திவிட்டிருந்தது, இதற்குக் காத்திருக்கத் தெரியாது. மூன்றாம் நாள் காலையில் உதிரத் தொடங்கியது. தொத் தொத்தென்று விழும் சத்தம் சமையலறை வரை கேட்டது. மத்தியானத்துக்குள் மரத்தடியெல்லாம் சிவப்பு மெத்தையாகி, குளவி மொய்த்தது.

அக்கம்பக்கத்து ஆண்கள் வந்து கூடினார்கள். கிஷோரி லாலும் வந்தார். "என்னடா தம்பி இது?"

தௌலத் ராம் கையை விரித்தான். "படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேக்கலையே இவ. இலையைப் பூராக் கிள்ளிப்புட்டா. அப்புறம் பழம் எப்படிண்ணே நிக்கும்?"

ஒருவர் உச்சுக்கொட்டினார். ஒருவர் சிரித்தார். தேநீர்த் தட்டோடு வந்த ஹீராமணி அதைத் தரையில் வைத்தாள். அவன் அவளைப் பார்த்தான். சொல்லிவிடாதே என்று கெஞ்சும் பார்வை. பதினெட்டு வருடம் அந்தப் பார்வைக்கு அவள் வாயை மூடியிருக்கிறாள்.

மேல் வரிசைக் கோடியில் ஒரு மரம், பாறைக்கு அந்தப் பக்கம். மருந்துக் குழாய் அதுவரை எட்டவில்லை. அதன் பழங்கள் பாதி பச்சையாக, கல்லாக இருந்தன. அவள் ஏணியைத் தூக்கிக்கொண்டு போய் அதில் சாய்த்தாள். ஆண்களும் பின்னால் ஏறி வந்தார்கள். கணவனின் அண்ணனிடம் அவள் நேராகப் பேசியதே இல்லை. முகத்தை மறைக்கத் தலைத்துணியைக்கூட இழுத்துவிட்டுக்கொள்ளாமல் அவர் பக்கம் திரும்பினாள்.

"பெரியவரே, எத்தனை விழுதுன்னு எண்ணிக்கிட்டே இருங்க."

இலைகளைக் கிள்ளவில்லை, உருவினாள். கைப்பிடி கைப்பிடியாக. "ஏய், மரம் செத்துடும்டி!" என்று கத்தினான் தௌலத் ராம். அடுத்த வருடம் இது பூக்காது என்று அவளுக்குத் தெரியும். உருவிக்கொண்டே போனாள். உள்ளங்கையில் பச்சை ஏறியது. கீழே தேநீர் ஆறிக்கொண்டிருந்தது.

மறுபடி தூறல் விழுந்தபோது மரத்தில் ஓர் இலை இல்லை. வெறும் கிளைகளில் ஆப்பிள்கள் மட்டும், ஒன்றுகூட விழாமல், நனைந்துகொண்டு தொங்கின.