இந்த வாரத்தின் ஈர மன்னன்

கெங் பனியனைக் கழற்றியதும் அறை முழுக்க ஒரு வாடை கிளம்பியது. வெயிலில் மறந்துபோன மீனின் வாடை.

லான்ஃபென் மூச்சை அடக்கிக்கொண்டாள். சீனாவின் சோங்சிங் நகரத்தின் மேட்டுத் தெருவில், துவான் என்பவன் நடத்தும் குடுவை வைத்தியக் கடையில் எட்டு வருடமாக வேலை பார்ப்பவள். கண்ணாடிக் குடுவைக்குள் நெருப்பைக் காட்டி, சட்டென்று முதுகில் கவிழ்த்தால், கப்பென்று கவ்விக்கொள்ளும். கண்ணை மூடிக்கொண்டே அதைச் செய்வாள்.

"எப்படி இருக்கு? மூணு கொப்புளம், காடை முட்டை சைஸுக்கு!" கெங் குப்புறப் படுத்தபடி பெருமையடித்தார். ஓய்வுபெற்ற பஸ் டிரைவர். வயது அறுபத்திரண்டு. பத்து வருடமாகச் சர்க்கரை. "என்கூடச் சதுரங்கம் ஆடுற ருவானுக்கு வெறும் ஊதா நிறம்தான். அவன் மூஞ்சி போன போக்கை நீ பார்க்கணுமே!"

கோடையின் உச்சமான நாற்பது நாட்களில் அந்தத் தெருவுக்கே இந்தப் பைத்தியம் பிடித்துவிடும். குளிர்காலத்து இருமலையும் மூட்டுவலியையும் கோடையிலேயே உடம்பிலிருந்து இழுத்துவிட வேண்டும் என்பது கணக்கு. மரத்தடியில் சதுரங்கம் ஆடும் ஆண்கள் பனியனைச் சுருட்டி, ஒருவர் முதுகை இன்னொருவர் பார்ப்பார்கள். தழும்பு எவ்வளவு கறுப்போ, நோய்க்கெல்லாம் காரணம் என்று அவர்கள் நம்பும் 'ஈரம்' அவ்வளவு வெளியேறியதாம். கொப்புளம் வந்தவன் தெருவுக்கே ராஜா.

அந்தப் போட்டிக்குத் தூபம் போட்டவன் துவான். டாக்டர் பட்டம் எதுவும் கிடையாது. வெள்ளைக் கோட்டு மட்டும் உண்டு. மிகக் கறுத்த முதுகைப் படமெடுத்து, 'இந்த வாரத்தின் ஈர மன்னன்' என்று வாசலில் ஒட்டுவான். பத்து நிமிடத்தில் எடுக்க வேண்டிய குடுவையை அரை மணி நேரம் விடச் சொல்வான். கழற்றிய குடுவைகளெல்லாம் ஒரே பிளாஸ்டிக் தொட்டிக்குள் போகும். காலையில் ஊற்றிய தண்ணீர் மதியத்துக்குள் இளஞ்சிவப்பாக நுரைத்திருக்கும். அதிலேயே முக்கி, அடுத்த முதுகுக்கு.

பத்து நிமிடம்தான் என்பது லான்ஃபென்னுக்குத் தெரியும். சர்க்கரை உள்ளவருக்குக் கொப்புளம் ஆகாது என்பதும் தெரியும். தெரிந்தேதான் செய்துகொண்டிருந்தாள்.

இன்று கெங்கின் முதுகைப் பார்க்கவே குமட்டியது. இரண்டு கொப்புளங்கள் உடைந்து, ஓரத்தில் பச்சை படர்ந்து, நடுவே கறுத்துக் கிடந்தது. பனியனில் ஒட்டிய தோல் பிய்ந்து வந்திருந்தது. பக்கத்தில் விரல் வைத்தாள். கொதித்தது.

"காய்ச்சல் அடிக்குதாண்ணே?"

"ராத்திரியெல்லாம் நடுக்கம். விஷம் வெளிய போகும்போது அப்படித்தான் இருக்கும்னு துவான் சொன்னாரே."

கதவைத் தள்ளிக்கொண்டு துவான் வந்தான். "அடடா! கெங் அண்ணே, இந்த வாரமும் நீங்கதான் மன்னன்! லான்ஃபென், அந்தக் கொப்புளம் மேலயே இன்னொண்ணு வை. மிச்சத்தையும் உறிஞ்சிரட்டும்."

"முதலாளி, இது சீழ்."

"ஈரம்!"

"சீழ் முதலாளி. கிட்ட வந்து மோந்து பாருங்க."

"நீ என்ன டாக்டரா? ஈரம்னா ஈரம்தான்" என்ற துவான், சொல்லும்போதே கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டான்.

"அட, வையம்மா!" கெங் பொறுமையிழந்தார். "நாளைக்கு ருவான் முன்னாடி நான் தலைகுனியணுமா?"

லான்ஃபென் ஒரு குடுவையை எடுத்தாள். உள்விளிம்பில் யாருடையதோ ரத்தம் பழுப்பாகக் காய்ந்திருந்தது. நேற்று வந்தவனுடையதா, முந்தாநாள் வந்தவனுடையதா? இதைத்தானே எட்டு வருடமாக மனிதர்கள் மேல் ஒட்டிக்கொண்டிருந்தோம் என்று நினைத்தாள்.

மறு கையில் பற்றவைத்திருந்த பஞ்சுத் தீயைத் தொட்டித் தண்ணீரில் முக்கினாள். உஸ்ஸென்று அணைந்தது. தன் போனை எடுத்து முதுகைப் படம் பிடித்து, கெங்கின் மூக்குக்கு நேரே நீட்டினாள்.

வாசலில் ஒட்டிய படம் கொப்புளம் உடையும் முன் எடுத்தது; இந்தப் புண்ணை அவர் இதுவரை பார்த்ததே இல்லை. முதுகை யார்தான் பார்த்துக்கொள்கிறார்கள்? நண்பர்கள் சொன்ன பாராட்டு மட்டும்தான் அவருக்குத் தெரியும்.

"இது... இது யாரோட முதுகு?"

"உங்களோடதுண்ணே. இப்படிப் பண்ணினது என் கை."

கெங்கின் முகம் வெளிறியது. கட்டிலின் ஓரமாகச் சாய்ந்து, காலையில் குடித்த கஞ்சியை அப்படியே கக்கினார்.

"வெளிய போடி! இனிமே இந்தத் தெருவுல எவன் உனக்கு வேலை தர்றான்னு பார்க்கறேன்!" துவான் கத்தினான்.

அவள் கெங்கின் கையைத் தோளில் போட்டுக்கொண்டு படியிறங்கி, டாக்ஸியை நிறுத்தினாள்.

மருத்துவமனையில் முதுகைச் சோதித்துப் பார்த்த டாக்டரம்மா, "கிருமி ஏறக்குறைய ரத்தத்துல கலந்துருச்சு. இன்னொரு குடுவை வச்சிருந்தா இவர் இங்க நடந்து வந்திருக்க மாட்டார்" என்று சொல்லிவிட்டு, அழுகிய சதையை வெட்டக் கிளம்பினார்.

விஷயம் கேள்விப்பட்டு ருவான் மூச்சிரைக்க ஓடி வந்தார். வராந்தாவில் லான்ஃபென்னைப் பார்த்ததும் கோபம் பொத்துக்கொண்டு வந்தது.

"எங்க அப்பா காலத்துலேருந்து வைக்கிறோம்! வைக்க மாட்டேன்னு சொன்னியாமே, குடுவை வைத்தியமே பொய்ங்கறியா?"

"குடுவையை நான் குறை சொல்லலைண்ணே. கிருமி நீக்கின குடுவையா, பத்து நிமிஷம், உங்க உடம்புக்கு ஆகுமான்னு டாக்டரைக் கேட்டு வச்சுக்கங்க. ஆனா அந்தக் கறுப்பு நிறம் விஷம் இல்லை. தோலுக்கு அடியில உடைஞ்ச உங்க ரத்தம்தான் அது. அதைப் போட்டி போட்டுக் கறுக்க வச்சீங்க, கொப்புளத்துக்குக் கை தட்டினீங்க."

ருவானின் கை, தன்னையறியாமல் தன் முதுகைத் தடவியது.

"துவான் பொய் சொன்னான், சரி. நான் உண்மை தெரிஞ்சும் வாயை மூடிக்கிட்டு இருந்தேன். அவனைவிட நான்தான் கேவலம்." அவள் ருவானை நிமிர்ந்து பார்த்தாள். "வைத்தியம்னு யார் சொன்னாலும் எதுக்கு, எவ்வளவு நேரம், சுத்தமான்னு கேளுங்கண்ணே. கேள்வி கேட்டா கோவப்படுறவன்கிட்ட உடம்பைக் கொடுக்காதீங்க."