ஓடுபாதையில் கல் பொறுக்கியவர்

“அப்ப பறக்கவே இல்லையா? ஒரு தடவகூட?”

“இல்ல தங்கச்சி. கல்லு பொறுக்குனோம்.”

மிஷெலின் பேனா நின்றது. மூன்று மணிக்கு மாதாகோயிலில், அடக்கப் பூசையில், அப்பாவைப் பற்றி அவள்தான் பேச வேண்டும். சூசை, ஐம்பத்து நாலு வயது, துறைமுக அலுவலகத்தில் கிராணி, ஞாயிறுகளில் விமானப்படை ரிசர்வ், வானத்தில் பறந்தார். அதுவரை எழுதியிருந்தாள். பள்ளி நாளிலிருந்தே எல்லாரிடமும் அப்படித்தான் சொல்லிவந்தாள். அப்பா மறுத்ததில்லை. சிரிப்பார்.

ஹைதர் காப்பிக் குவளையைக் கீழே வைத்தார். வார நாட்களில் நாசி கண்டார் சோற்றுக்கடை. ஞாயிறுகளில் அப்பாவோடு ரிசர்வ்.

“வெள்ளம் வந்தா பிளேன்ல அரிசி மூட்ட ஏத்துவோம். கேட்டுல காவலுக்கு ஜாகா நிப்போம். ஆனா சூசை அண்ணனுக்கு ரன்வேதான் லா. பிளேன் கெளம்புறதுக்கு முன்ன எல்லாரும் வரிசையா, தரையப் பாத்துக்கிட்டே நடக்கணும். ஒரு ஸ்குரு கெடந்தாலும் எஞ்சின் உறிஞ்சிரும். அவ்ளோதான்.”

“அதான் கால்சட்டைப் பையில எந்நேரமும் ஆணி,” என்றாள் அம்மா அமலம்மாள், சவப்பெட்டியின் அருகிலிருந்து. “வாஷிங் மெஷினு ரெண்டு தடவ போச்சு.” சொல்லிவிட்டுச் சிரித்தாள். பக்கத்து வீட்டுக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

பாசாரில் காய் வாங்கப் போனாலும் அப்பா குனிந்தபடியேதான் நடப்பார். மிஷெல் பத்தடி முன்னால் போய்விடுவாள், யாரோ எவரோ போல.

“நெறைய கெடைக்குமா?”

“பல நாளு ஒண்ணுமே கெடைக்காது. அன்னிக்குத்தான் அண்ணனுக்கு ரொம்ப சந்தோசம். ‘இன்னிக்கு எல்லாரும் பத்திரமா வீடு போய்ச் சேந்துருவானுங்க’ம்பாரு.”

மிஷெல் ‘வானத்தில் பறந்தார்’ என்பதை அடித்தாள். பக்கத்தில் எதுவும் எழுதவில்லை.

ஜெபம் முடிந்து பெட்டியை மாடியிலிருந்து கீழே இறக்கினார்கள். அடுக்குமாடி வாசலில் சவ வண்டி நின்றது. அதற்கு முன்னால், சாலை வரைக்கும் போகிற வழியின் குறுக்கே, பத்துப் பேர் ரிசர்வ் சீருடையில் தோளோடு தோள் நின்றார்கள். எல்லாரும் தரையைப் பார்த்திருந்தார்கள். வரிசையின் நடுவே மட்டும் ஓர் ஆள் நிற்கிற அளவு இடைவெளி.

வரிசையின் ஓரத்தில் போய் நின்ற ஹைதர் திரும்பினார்.

“வண்டி கெளம்புறதுக்குள்ள நடந்து முடிக்கணும். அது அண்ணன் எடம். நீ வந்து நிக்கிறியா, தங்கச்சி?”