ஹோல்புரூக் வீட்டு இரத்தம்

வலன்ரைன் மாஸ்டருக்குத் தன் பெயரை முழுதாகச் சொல்லாவிட்டால் தொண்டையில் மீன்முள் சிக்கினது போல இருக்கும். வலன்ரைன் எலிசா ஹோல்புரூக். கனடாவில், மொன்றியலின் கோட்-டெ-நெய்ஜ் தபால் கந்தோர் வரிசையிலும் சரி, பல் வைத்தியரிடம் வாயைத் திறக்கும் முன்னும் சரி, "ஹோல்புரூக்" என்று அழுத்திச் சொல்லிவிட்டு, எதிரில் இருப்பவர் புருவத்தை உயர்த்தும் வரை காத்திருப்பார். உயர்த்தினால் போதும், கதை தொடங்கிவிடும்.

கதை இதுதான். அமெரிக்க மிசன் யாழ்ப்பாணத்தில் பள்ளிகள் நடத்திய காலத்தில், எலிசா ஹோல்புரூக் என்ற வெள்ளைக்கார வாலிபன் கப்பலேறி வந்து சேர்ந்தான். மானிப்பாயில் ஒரு தமிழ்ப் பெண்ணைக் கட்டினான். நாடு திரும்பவில்லை. அவனுடைய வழி வந்தவர்கள்தான் இவர்கள். மிசன் விடுதியில் தங்கிப் படித்த ஏழைப் பிள்ளைகளுக்கு, அவர்களின் படிப்புக்குப் பணம் அனுப்பிய அமெரிக்கக் குடும்பங்கள் சொல்லியனுப்பிய பெயரை வைப்பது அந்தக் காலத்து வழக்கம். அப்படிப் பெயர் வந்த குடும்பங்கள் ஊரில் நிறைய உண்டு. அவர்கள் என்றால் மாஸ்டருக்கு ஒரே இளக்காரம்.

"அவையளுக்குப் பேர் மட்டும்தான். எங்களுக்கு இரத்தம்" என்பார்.

அந்த இரத்தத்தைக் காப்பாற்றப் பலியானது அவருடைய தங்கை யோகராணி. அவளுக்கு இருபத்திரண்டு வயதில், நில அளவைக் கந்தோரில் வேலை பார்த்த தியாகலிங்கம் பெண் கேட்டு ஆள் அனுப்பினார். சைவக்காரர். கிறிஸ்து வேதத்துக்கு மாறவும் சம்மதம் என்று சொல்லிவிட்டார். யோகராணிக்கும் சம்மதம்தான், ஆனால் அவளை யாரும் கேட்கவில்லை. "வெள்ளைக்கார இரத்தத்திலை கண்டதையும் கொண்டுவந்து கலக்கேலாது" என்று அப்பா முடித்துவிட்டார். அதைச் சைக்கிளில் போய்ச் சொல்லிவிட்டு வந்தவர் மாஸ்டர். அதன் பிறகு வந்த சம்பந்தங்களுக்கும் அதே பதில்தான் போனது. பிறகு சம்பந்தம் வருவதே நின்றுபோனது.

இப்போது 1997. யோகராணி ஆஸ்பத்திரிச் சமையலறையில் வேலை செய்கிறாள். மனைவியை இழந்த அண்ணன் அவளோடுதான் இருக்கிறார். தியாகலிங்கமும் அகதியாக வந்து, ஆற்றுக்கு அந்தப் பக்கம் லொங்குய்யில் மனைவி, பேரப்பிள்ளைகளோடு குடியிருக்கிறார். தமிழ்க் கடையில் எப்போதாவது எதிர்ப்படுவார். "சுகமோ?" என்பார். "ஓம், சுகம்" என்பாள். அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து வாங்கின மரக்கறியை எடுத்து வைக்கும்போது ஏதோ ஒன்றை மறந்துவிட்டு வந்தது போல இருக்கும்.

அதனால் அந்தக் கதை உண்மையாக இருக்கவேண்டும் என்று அண்ணனைவிட அவள்தான் அதிகம் தவித்தாள். கதை பொய்யென்றால் தன் வாழ்க்கைக்குக் கணக்கே இல்லையே!

மாஸ்டர் ஓய்வு பெற்ற நாளிலிருந்து பழைய பதிவேடுகளைப் படம்பிடித்து வைத்த நுண்படச் சுருள்களோடுதான் காலம் தள்ளினார். மசாசூசெட்ஸ் ஆங்கிலேயரின் குடியேற்றமாக இருந்த காலம் தொட்டு உள்ள கிறிஸ்தவக் கோயில் பதிவுகளை, அந்தச் சுருள்களைச் சேர்த்து வைத்திருந்த ஒரு மொன்றியல் தேவாலயத்தின் நிலவறையில் உட்கார்ந்து கண் சிவக்கச் சிவக்கப் பார்த்தார். கப்பலில் வந்திறங்கிய முதல் ஹோல்புரூக்கில் தொடங்கி, தச்சன், போதகர், செஞ்சட்டை ஆங்கிலச் சிப்பாய்களோடு சண்டை பிடித்தவன் என்று பிடித்துப் பிடித்து இறங்கி வந்தார். கடைசியில் எலிசாவே அகப்பட்டான். 1815இல் ஞானஸ்நானம். தகப்பன் நேதன், தாய் மெர்சி. அதற்குப் பிறகு அவனுக்குக் கல்யாணப் பதிவும் இல்லை, சாவுப் பதிவும் இல்லை.

"அங்கை சாகேல்லை எண்டா என்ன அர்த்தம்? ஆள் கப்பலேறிட்டான்!" என்று மாஸ்டர் கதவைத் திறக்கும்போதே கத்தினார்.

யோகராணி அன்றைக்கு முந்திரிவற்றல் போட்டுப் பாயாசம் காய்ச்சினாள். பரிமாறும்போது "அப்ப உண்மைதான் என்ன, அண்ணை?" என்று இரண்டு தரம் கேட்டாள்.

நேதனின் கல்லறையில் 'என் மகன் இலங்கையில்' என்று ஒரு வரியாவது இருக்கும், அதைப் படமெடுத்து வந்தால் சந்தேகப்படுகிற ஒரு வாயும் திறக்காது என்பது மாஸ்டரின் கணிப்பு. கோடையில் ஒரு சனிக்கிழமை விடியப் புறப்பட்டார்கள். யோகராணிதான் கார் ஓட்டினாள். மாஸ்டருக்கு ஓட்டத் தெரியாது, வழி சொல்லமட்டும் நன்றாகத் தெரியும். எல்லையில் அதிகாரி எதற்காகப் போகிறீர்கள் என்று கேட்க, "பூட்டன்ரை வீட்டுக்கு" என்று ஆங்கிலத்தில் கம்பீரமாகப் பதில் சொன்னார். அதிகாரி இருவரையும் ஒரு தரம் பார்த்துவிட்டு, நல்ல பயணம் என்று அனுப்பிவைத்தான்.

மசாசூசெட்ஸில் ஒரு சின்ன ஊர். வெள்ளை மரக்கோயில், பின்னால் மயானம். நேதனையும் மெர்சியையும் கண்டுபிடிக்க நேரமெடுக்கவில்லை. அவர்களுக்கு நடுவே முழங்கால் உயரத்தில் ஒரு சின்னக் கல் இருந்தது. அதன் பாசியை யோகராணிதான் தன் கைக்குட்டையால் துடைத்தாள். எழுத்துகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

எலிசா. நேதன், மெர்சி ஆகியோரின் மகன். 1819இல் இறந்தான். வயது நாலு.

அதன் கீழே, வேறு உளியால் பிறகு வெட்டின ஒரு வரி. 'இவனுடைய பெயர் சிலோனில் ஓர் அஞ்ஞானிப் பிள்ளையில் வாழ்கிறது.'

யோகராணி திரும்ப வாசித்தாள். விரலை வைத்து வாசித்தாள். நாலு வயதுப் பிள்ளை. கப்பலும் ஏறவில்லை, மானிப்பாயில் யாரையும் கட்டவுமில்லை. பிள்ளையைப் பறிகொடுத்த தாயும் தகப்பனும் அவன் பெயரையாவது உயிரோடு வைத்திருக்க ஆசைப்பட்டு, எங்கேயோ ஒரு விடுதிப் பிள்ளைக்கு அதைக் கொடுத்திருக்கிறார்கள். அந்த விடுதிப் பிள்ளைதான் தன் பூட்டன். அவளுக்கு அழுகை வரவில்லை. வாய் திறந்தபடி நின்றது, மூட மறந்துவிட்டாள்.

"இது வேறை எலிசாவா இருக்கும்" என்றார் மாஸ்டர். அவருடைய குரல் அவருக்கே கேட்டிருக்காது.

"தாய் தகப்பன் பேர் அதுதானே அண்ணை?"

அவர் கமெராவைத் திறக்கவே இல்லை.

திரும்பி வரும் வழியில் மசாசூசெட்ஸ் முடிந்தது, வெர்மொன்ட் முடிந்தது, எல்லையும் தாண்டியது. அவளுடைய மனதில் ஒரே ஒரு வாக்கியம் சுற்றிச் சுற்றி வந்தது. ஒரு செத்த குழந்தையின் பெயருக்காகவா? முப்பது வருசம், அதற்காகவா?

மொன்றியல் பாலம் தெரியத் தொடங்கியதும் மாஸ்டர் கனைத்தார். "யோகம், இதை ஒருத்தருக்கும் சொல்லாதை. சனம் சிரிக்கும்."

யோகராணி பாலத்தில் ஏறவில்லை. லொங்குய் பக்கம் திருப்பினாள். மாஸ்டர் வழி பிழை, பிழை என்று சொல்லிக்கொண்டே வந்தார். ஒரு சின்ன வீட்டின் முன்னே கார் நின்றது. நல்ல வெயில் இன்னும் இருந்தது. முற்றத்தில் தியாகலிங்கம் தக்காளிக் கன்றுகளுக்குக் குழாயால் தண்ணீர் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இறங்குங்கோ அண்ணை. அண்டைக்கு நீங்கள்தானே போய்ச் சொன்னனீங்கள். இண்டைக்கும் நீங்களே போய்ச் சொல்லுங்கோ."

"உனக்கென்ன விசரே?"

"ஓம். இறங்குங்கோ."

தங்கை அவரிடம் இப்படிக் கதைத்து அவர் கேட்டதில்லை. இறங்கிப் போனார். யோகராணி கண்ணாடியை முழுதாக இறக்கிவிட்டாள். ஒரு சொல்லும் தவறக்கூடாது.

"தியாகலிங்கம்..." மாஸ்டர் தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டார். "அந்த நாளையிலை அப்பா சொல்லிவிட்ட அமெரிக்கக் கதை பொய். எங்களுக்கும் பேர் மட்டும்தான்."

தியாகலிங்கம் சிரித்தார். பழிவாங்கின சிரிப்பு இல்லை, சாதாரணச் சிரிப்பு. "அது தெரிஞ்சதுதானே மாஸ்டர். ஊருக்கே தெரியும். நீங்கள் வந்து சொல்லேக்கை எங்கடை ஐயா உள்ளுக்கை இருந்து கேட்டவர். பெட்டைக்கு விருப்பமில்லைப் போல, நேரை சொல்லக் கூச்சப்பட்டு ஒரு சாட்டுச் சொல்லுறாங்கள், விடு எண்டவர். நானும் அப்பிடித்தான் நினைச்சன். பிறகு என்னத்தைக் கேக்கிறது?"

கல்லறையில் வராத அழுகை யோகராணிக்கு இப்போது ஒரேயடியாக வந்தது. பொய் என்று அறிந்தது பெரிதில்லை. அந்தப் பொய்யை நம்பினது தங்கள் வீட்டார் மட்டும்தான். இந்த மனிதர் முப்பது வருசமாக, வேண்டாம் என்றவள் அவள்தான் என்று நினைத்துக்கொண்டு, கண்ட இடத்தில் 'சுகமோ' என்று கேட்டிருக்கிறார்!

கதவைத் திறந்து இறங்கினாள். வாசலுக்கு வந்த தியாகலிங்கத்தின் மனைவி, "ஆர், யோகராணி அக்காவே? உள்ளை வாங்கோவன், தேத்தண்ணி போடுறன்" என்றாள். யோகராணி அவளுக்குத் தலையாட்டிவிட்டு, மாஸ்டரைத் தாண்டி நடந்து தக்காளிப் பாத்தியருகே போய் நின்றாள்.

"எனக்கு விருப்பம்தான்" என்றாள். "என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

தியாகலிங்கத்தின் கையில் இருந்த குழாய் தாழ்ந்தது. குழாய்த் தண்ணீர் அவருடைய செருப்பின் மேலேயே ஓடிக்கொண்டிருந்தது.