ஒற்றைக் கை

ஒசாக்காவில், காசு போட்டு வீடியோ கேம் ஆடும் அந்த விளையாட்டுக் கூடத்தில் ‘இரும்பு அல்லி’யைச் சீந்துவார் இல்லை. திரையில் இயந்திர மனுஷிகள் மோதிக்கொள்ளும் ஆட்டம். கை பிய்ந்து விழுந்தால் அதையே பொறுக்கி எதிராளியின் மண்டையில் போடலாம்! இதைவிட ஒரு ஆட்டத்தில் வேறென்ன வேண்டும்? மருந்துக்கடையில் வேலை பார்க்கும் மிசுயே மட்டும் மதிய இடைவேளையில், சோற்று உருண்டையைக் கடித்துக்கொண்டே ஓடி வருவாள்.

எட்டு மாதத்துக்கு முன், ஆட்டக்காரர்கள் கிறுக்குவதற்கென்று தொங்கும் நோட்டில், "யாராவது வர்றீங்களா? வியாழன், பன்னிரண்டரை" என்று எழுதினாள். "வரேன். இப்படிக்கு, ஒத்தைக் கை" என்று புனைபெயரில் பதில் வந்திருந்தது. அன்றிலிருந்து வியாழன்தோறும், முதுகோடு முதுகாக ஒட்டி நிற்கும் இரண்டு ஆட்டப் பெட்டிகளில் அந்தப் பக்கத்துப் பெட்டியில் யாரோ உட்கார்ந்து அவளைத் துவைத்து எடுத்தார்கள். சுற்றிப் போய் முகம் பார்ப்பது அங்கே மரியாதை இல்லை. பள்ளிக்கூடத்துக்கு டிமிக்கி கொடுக்கும் எவனோ ஒரு பயல் என்று அவளாகவே முடிவு கட்டினாள். "வீட்டுப்பாடம் செஞ்சியாடா?" என்று நோட்டில் வம்புக்கும் இழுத்தாள்.

இன்று கடைசி வியாழன். நாளை பெட்டிகளைத் தூக்கிவிடுவார்கள். அதற்குள் ஒரே ஒரு தடவை நேர்மையாக ஜெயிக்க வேண்டும் என்பதுதான் அவள் ஆசை.

ஜெயித்தாள். ரொம்பச் சுலபமாக. எதிராளி ஒரு உதைகூட விடவில்லை. மிசுயேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பிச்சை போடுகிறானா? மரியாதையாவது மண்ணாவது என்று சுற்றிக்கொண்டு போனாள்.

அங்கே இருந்தவர் கூடத்தின் மேலாளர் ஒனோதெரா. அறுபது வயது.

"ஐயையோ, நீங்களா? வீட்டுப்பாடம் அது இதுன்னு..."

"எல்லாம் செஞ்சிட்டேம்மா," என்றார் அவர். "ஆனா விட்டுக்குடுக்கல. உதைக்கிற பட்டன் செவ்வாக்கிழமையே செத்துப்போச்சு. நாளைக்குப் போற பெட்டிக்கு யாரு மாத்துவா?"

"சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா ஆடாமப் போயிடுவீங்க. எனக்கும் இதுதானே கடைசி வியாழன்?"

மிசுயே அவர் நாற்காலியைப் பிடித்து இழுத்தாள்.

"எந்திரிங்க. நான் இங்க உக்கார்றேன். நீங்க அந்தப் பக்கம் போங்க."

"அந்த பட்டன்..."

"பட்டன் இல்லாமலே உதைக்கிறேன். போங்க!"

மூன்றாவது சுற்றில் அவளுடைய பொம்மைக்குக் கை போயிற்று. குனிந்து எடுத்தாள், வீசினாள். திரை பளீரென்றது. அந்தப் பக்கத்திலிருந்து, "அடிப்பாவி!" என்று சத்தம் வந்தது.

ஒனோதெரா நோட்டோடு வந்து, அவள் எதிரிலேயே எழுதினார்: "தோத்துட்டேன். விட்டுக்குடுக்கல. ஒனோதெரா."

மிசுயே அதை இரண்டு தரம் படித்தாள். பிறகு பேனாவைப் பிடுங்கி, அதன் கீழே தன் பெயரைப் போட்டு, "வியாழன், பன்னிரண்டரை" என்று எழுதினாள்.

"பெட்டிதான் இருக்காதேம்மா."

"நீங்க இருப்பீங்கல்ல?"