லண்டன் திறப்பு

சனிக்கிழமை பின்னேரம் என்றால் உதயகலாவை யாரும் அசைக்க ஏலாது. கிழமை முழுக்க யாழ்ப்பாணம் நகரில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் நின்று கால் உளைந்தவள், அன்றைக்குச் சமையலை வெள்ளெனவே முடித்துவிட்டு, ஒரு கப் தேத்தண்ணீரோடு இணுவில் வீட்டுக் கதிரையில் சாய்ந்து போனில் கொரிய நாடகம் பார்ப்பாள். புருசன் கட்டாரில். மகன் தனோஜன் தொழில்நுட்பக் கல்லூரியில் படிக்கிறான். தாயின் நாடகப் பைத்தியம் அவனுக்குப் பெரிய பகிடி.

அந்த நாடகம் இலங்கையில் ஓடாது. வெளிநாட்டில் இருப்பவர்களுக்குத்தான் காட்டும். அதற்கு வழி கண்டுபிடித்தவள் உதயகலாவேதான். போன் வெளிநாட்டில் இருப்பதுபோல் காட்டும் ஒரு வீபிஎன் செயலியை ஓசியில் இறக்கி லண்டன் என்று அமத்தினாள். நாடகம் தன்பாட்டில் ஓடியது. போனின் மேல்மூலையில் சின்னதாக ஒரு திறப்பின், அதாவது சாவியின், படமும் வந்து நின்றது. திறப்பு விழுந்திருந்தால் எல்லாம் பூட்டிப் பத்திரமாக இருக்கிறது என்று அவளாகவே நினைத்துக்கொண்டாள். வங்கிக் காரியம் பார்க்கும்போதுகூட அதை மறக்காமல் போட்டுக்கொள்வாள். “என்ரை லண்டன் திறப்பு” என்று கடையில் கூட வேலை செய்யும் லவீனாவுக்கும் பெருமை அடித்திருந்தாள். இறக்கும்போது பக்கம் பக்கமாக இங்கிலீசில் ஏதோ வந்ததுதான். அதையெல்லாம் யார் இருந்து வாசிப்பது? வந்ததற்கெல்லாம் சம்மதம், சம்மதம் என்று அமத்திவிட்டாள்.

அன்றைக்கு நாடகம் சூடுபிடித்த நேரம் வாசல் படலையில் தட்டிய சத்தம் கேட்டது. இரண்டு பேர். சிவில் உடுப்பு. ஒட்ட வெட்டிய தலைமயிர்.

“பொலிஸ். இந்த வீட்டு வைஃபை உங்கடை பேரிலைதானே?” என்று ஒருவர் கேட்டார். நல்ல தமிழ்.

“ஓம் ஐயா…”

“வவுனியாப் பக்கம் ஒரு பள்ளிக்கூடப் பொம்பிளைப்பிள்ளைக்கு ஆரோ ஊத்தைப் படம் அனுப்பி வெருட்டிக்கொண்டிருக்கிறாங்கள். பிள்ளை பயத்திலை வெளிக்கிடாமல் வீட்டுக்குள்ளையே கிடக்குது. அனுப்பினது உங்கடை லைனாலை. வீட்டிலை ஆரார் இருக்கிறியள்?”

இந்தக் கேள்வி அவளுக்குப் புதிதில்லை. சண்டைக் காலத்தில், அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது, இதே படலையில் நின்று ஆமிக்காரர் இப்படிக் கேட்டிருக்கிறார்கள். தாய் ‘பெடியன் ஊரிலை இல்லை’ என்று சொல்லி மறிக்க, அண்ணை பின்வேலியால் பாய்ந்து தப்பினான். இன்றைக்கு வந்தவர்கள் வேறு, கேட்கிற விசயமும் வேறு. பயத்துக்கு அதெல்லாம் விளங்குமா? வாய் முந்திக்கொண்டது.

“நான் மட்டும்தான் ஐயா. மகன் கொழும்பிலை.”

மகனோ உள்ளறையில் நல்ல நித்திரை. அவனுடைய மோட்டார்சைக்கிள் முற்றத்தில் நின்றது. அதிகாரி அதைப் பார்த்தார், பிறகு அவளைப் பார்த்தார். “திங்கட்கிழமை ஸ்டேசனுக்கு வாங்கோ அம்மா. வீட்டிலை உள்ள போன் எல்லாத்தையும் கொண்டாங்கோ” என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

உதயகலா உள்ளே ஓடிப்போய் மகனை உலுப்பி எழுப்பினாள்.

“ஏன்ரா செய்தனி?”

“என்னத்தையம்மா?”

“அந்தப் பெட்டைப்பிள்ளை உனக்கு என்னடா செய்தவள்?”

விசயத்தை அவள் சொல்லச் சொல்ல அவனுடைய முகம் வெளிறிப்போனது. பொலிஸ் என்றால் யாருக்குத்தான் முகம் வெளிறாது? ஆனால் அவளுடைய கண்ணுக்கு அது கள்ளமாகப் பட்டது. இவன் அறைக்கதவைச் சாத்திக்கொண்டு போனோடு கிடப்பது, கூப்பிட்டால் எரிந்து விழுவது, எல்லாவற்றையும் மனம் கூட்டிக் கழித்துப் பார்த்தது. பெற்ற வயிறு எரிந்தது.

“சத்தியமா நான் இல்லையம்மா.”

“கதையாதை! சாவகச்சேரிக்குப் போ. பெரியம்மா வீட்டை நில். நான் சொல்லுமட்டும் இஞ்சாலைப் பக்கம் வரக்கூடாது.”

“ஓடினா நான்தான் செய்ததெண்டெல்லோ நினைப்பினம்?”

“போடா எண்டால் போ!”

கெஞ்சியும் பேசியும் அவனைப் பின்ஒழுங்கையால் அனுப்பிவிட்டுச் சாமிப்படத்துக்கு முன்னால் போய் நின்றாள். அவன் சாவகச்சேரிக்குப் போய்ச் சேர்ந்திருப்பான் என்று நினைத்த நேரம் போன் அடித்தது. அந்த அதிகாரியின் குரல்.

“கொழும்பிலை இருக்கிற உங்கடை மகன் இஞ்சை எங்கடை ஸ்டேசன் வாங்கிலை இருக்கிறார் அம்மா. சந்தியிலை பிடிச்சனாங்கள். வாறியளோ?”

ஐயோ, கடவுளே! ஓட்டோ பிடித்துப் போனவளுக்கு வழி தெரியவில்லை, வாகனம் தெரியவில்லை. தன்னுடைய பொய்யே பிள்ளைக்கு விலங்காகிவிட்டது என்று மட்டும் தெரிந்தது. இனி யார் அவனை நம்புவார்கள்? படிப்பு என்னாவது? ஊரில் எப்படித் தலைகாட்டுவது?

பொலிஸ் நிலையத்தில் தனோஜன் தலையைக் குனிந்தபடி இருந்தான். தாயைக் கண்டும் நிமிரவில்லை. அவனுடைய போனை முழுக்கப் பார்த்து முடித்திருந்த ஒரு பெண் அதிகாரி, உதயகலாவின் போனுக்குக் கை நீட்டினாள்.

“உதிலை என்ன அம்மா, திறப்பு ஒண்டு நிக்குது?”

“அது பாதுகாப்புக்கு, மிஸ். நாடகம் பாக்கிறதுக்குப் போட்டனான். லண்டன் எண்டு காட்டும்.”

பெண் அதிகாரி செயலியைத் திறந்து, உதயகலா வாசிக்காமல் விட்ட பக்கங்களை ஒவ்வொன்றாகத் தள்ளிப் பார்த்தாள். ஓரிடத்தில் விரல் நின்றது. அதைத் தமிழில் சொல்லிக் காட்டினாள்.

“‘என் இணைய இணைப்பை மற்றவர்களும் பாவிக்கச் சம்மதிக்கிறேன்.’ விளங்குதே? எல்லா வீபிஎன்னும் இப்பிடியில்லை. ஆனால் இவங்கள் உங்களுக்கு ஓசியிலை படம் காட்டிப்போட்டு, உங்கடை வீட்டு லைனை ஊர் பேர் தெரியாதவங்களுக்கு விட்டிருக்கிறாங்கள். எவனோ ஒருத்தன் உங்கடை லைனுக்குள்ளாலை பூந்துதான் அந்தப் பிள்ளையை வெருட்டியிருக்கிறான் போலை. அவனுக்கு உங்கடை வீடு மறைப்பு.”

இத்தனை நாளும் அந்த அயோக்கியன் உதயகலாவின் வீட்டுக்குள் நின்றிருக்கிறான். அவள் அவனுக்குப் பக்கத்தில் இருந்து நாடகம் பார்த்திருக்கிறாள்.

“அப்ப என்ரை பிள்ளை…?”

“உங்கடை பிள்ளையின்ரை போனிலை ஒண்டும் இல்லை. நீங்கள் பொய் சொல்லி, அவரை ஓட விட்டதாலைதான் நாங்கள் பிடிச்சது. விசாரணை முடியுமட்டும் ரெண்டு போனும் இஞ்சை இருக்கும். கூப்பிட்டா ரெண்டு பேரும் வரோணும்.”

வெளியே வந்தார்கள். தனோஜன் முன்னால் போய் ஓட்டோவில் ஏறினான்.

“மன்னிச்சுக்கொள்ளு மோனை. அம்மா பயந்துபோனன்” என்று அவனுடைய கையைப் பிடித்தாள்.

அவன் கையை இழுத்துக்கொண்டான்.

“பொலிஸ் என்னட்டை ‘நீயோ செய்தனி?’ எண்டு கேட்டவை. நீங்கள் ‘ஏன் செய்தனி?’ எண்டெல்லோ கேட்டனீங்கள்.”

சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

அடுத்த கிழமை கடையில் கூட்டம் குறைந்த நேரம் பார்த்து லவீனா கிட்ட வந்தாள். “அக்கா, உங்கடை லண்டன் திறப்பை எனக்கும் இறக்கித் தாங்கோவன். ஓசிதானே?”

உதயகலா துடைத்துக்கொண்டிருந்த கண்ணாடியைக் கீழே வைத்தாள்.

“வேண்டாம் தங்கச்சி. நாடகம் பாக்கிற ஆசையிலை, ஆரின்ரை சாமான், ஏன் ஓசியிலை தாறாங்கள் எண்டு பாக்காமல் சம்மதம் எண்டு அமத்தாதை. நான் அமத்தினன். எவனோ செய்த ஊத்தை வேலைக்கு என்ரை பிள்ளை பொலிசிலை இருந்தவன். பொலிஸ்கூட அவனை விசாரிச்சுப்போட்டுத்தான் கதைச்சது. விசாரிக்காமலே அவனைக் கள்ளன் எண்டது, பெத்த நான்தான்.”