மாமன் கடுக்கன்

கிள்ளானில் எங்கள் மாடி பங்களாவைப் பார்த்து வாயைப் பிளக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். "மாரியாயிக்கு என்ன குறைச்சல்?" என்பார்கள். என்ன குறைச்சல் என்று உள்ளே வந்து வாழ்ந்து பார்த்தால்தானே தெரியும்!

கித்தா என்கிற ரப்பர் விலை ஏறிய காலத்தில் என் வீட்டுக்காரர் பணக்காரரானார். கங்காணியாக இருந்தவர் தோட்டம் வாங்கினார், மோட்டார் வாங்கினார். கூடவே வாய்க்கொழுப்பும் வந்து சேர்ந்தது. எனக்கு இந்த நாட்டில் பிறந்த வீடு என்று இருந்தது ஒரே ஒரு ஆள்தான், என் அண்ணன் பக்கிரிசாமி. ரயிலேறிப் போகும் தூரத்தில், பிரிக்ஃபீல்ட்ஸில் தண்டவாளக் கூலி வேலை. அவரை இந்த மனிதர் வாசற்படி ஏற விடமாட்டார். கூலிக்காரன் மச்சானா என்று நாலு பேர் கேட்டுவிடுவார்களாம். இவர் மட்டும் என்ன, கவர்னர் பேரனா?

மகனுக்குக் காதுகுத்து வந்தது. எங்கள் சனத்தில் பிள்ளையைத் தாய்மாமன் மடியில்தான் உட்கார வைப்போம். காதில் முதலில் ஏறுவதும் மாமன் போடும் கடுக்கன்தான். அன்றைக்காவது அண்ணன் இந்த வீட்டில் தலைநிமிர்ந்து உட்கார வேண்டும் என்று அழுது அடம்பிடித்துத்தான் இவரைச் சம்மதிக்க வைத்தேன்.

அண்ணன் சலவை வேட்டியோடு வந்தார். பிள்ளையை மடியில் வாங்கிக்கொண்டு, இடுப்பில் செருகியிருந்த பொட்டலத்தைப் பிரித்தார். அண்ணி தன் மூக்குத்தியை உருக்கக் கொடுத்துச் செய்த சின்னக் கடுக்கன். ஆசாரி கையை நீட்டினார்.

"நிறுத்துங்க!" என்று இவர் ஒரு வெல்வெட் பெட்டியைத் திறந்தார். உள்ளே வைரக் கடுக்கன். "என் மகன் காதுல இதுதான் ஏறணும். அதை வேலைக்காரி புள்ளைக்குக் குடு, மச்சான்."

அடப் பாவி மனுசா! தோட்டத்துச் சனம், சொந்தக்காரர்கள், அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார்.

அண்ணன் கடுக்கனைப் பழையபடி மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். பிள்ளையை என் கையில் கொடுத்தார். "வரேன் தங்கச்சி. இந்த வீட்டுல நான் கை நனைக்க மாட்டேன்," என்று படியிறங்கிவிட்டார்.

"போனா போகட்டும்லா!" என்று கத்திவிட்டு, இவர் தன்னிடம் தோட்டக் கணக்கு எழுதிய கிராணி கார்த்திகேசுவைக் கூப்பிட்டார். "நீங்க வந்து மாமனா உக்காருங்க, கிராணி."

கிராணி அசையவே இல்லை. "அது தாய்மாமன்ர இடம், முதலாளி. என்னால ஏலாது."

மாமன் கோபித்துக்கொண்டு போன வீட்டில் எங்கள் ஆட்கள் பந்தியில் உட்கார மாட்டார்கள். ஒவ்வொருவராகச் செருப்பைத் தேடினார்கள். "ஆட்டுக்கறி ஆக்கியிருக்கு, சாப்பிட்டுப் போங்க! மோட்டார்ல கொண்டுபோய் விடச் சொல்றேன்!" என்று வாசலுக்கு ஓடி ஓடிக் கெஞ்சினார். தோட்டத்தில் இவர் குரலுக்கு நடுங்கின சனம் அன்றைக்குத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பொய் சொல்வானேன், எனக்கு வயிறு குளிர்ந்தது.

கடைசியில் கூடம் முழுக்க வெறும் வாழை இலைதான் கிடந்தது. இவர் முதல் இலையில் போய் உட்கார்ந்தார். முகம் செத்துப் போயிருந்தது.

"மாரியாயி, நீயாவது வந்து உக்காரு. ரெண்டு பேருமா சாப்பிடுவோம்."

கல்யாணமான நாளிலிருந்து என்னை அப்படி ஒரு தடவை கூப்பிட்டதில்லை. ஒரு நிமிஷம் பாவமாகத்தான் இருந்தது.

"நீங்களே சாப்பிடுங்க," என்றேன். "எல்லாம் உங்களோடதுதானே."

பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, அண்ணன் போன வழியே ஸ்டேஷனுக்கு நடந்தேன். ஆசாரியையும் கூடவே வரச் சொன்னேன்.