முன்வரிசை விளக்குகள்

பிணவறை வாசலில் நின்றவன் நாலு முழம் வெள்ளைத் துணியும் ஒரு பாட்டில் பன்னீரும் வாங்கி வரச் சொன்னான். கோகுல்நாத் வாங்கி வந்து நீட்டியபோது துணியின் ஓரத்தில் அவனுடைய கட்டைவிரல் கறுப்பாகப் பதிந்திருந்தது. நேற்று மத்தியானத்திலிருந்து மூன்று தரம் சோப்புப் போட்டுக் கழுவியாகிவிட்டது. ஜீப் கிரீஸ் அவ்வளவு லேசில் போகிற சரக்கில்லை. வாங்கியவன் அதைக் கவனிக்காமல் உள்ளே போய்விட்டான்.

உள்ளே கிடப்பது கோகுல்நாத்தின் அண்ணன் ஜனகராஜ். நாற்பத்தாறு வயது. மதுரையில் எலெக்ட்ரானிக் தராசு வைத்திருக்கும் கடைக்காரர்களில் பாதிப் பேருக்கு அவரைத் தெரியும். நகைக்கடைத் தராசு ஒரு பொட்டு தப்பாகக் காட்டினாலும் சரி, பரவை மார்க்கெட்டில் மூட்டைத் தராசு மக்கர் செய்தாலும் சரி, பையைத் தூக்கிக்கொண்டு மொபெட்டில் போய் நிற்பார். அந்த மனிதர் ஜீப்புக்கு அடியில் நசுங்கிச் செத்தார் என்றால் யார்தான் நம்புவார்கள்? தராசுக்காரனுக்கு ஜீப்பில் என்ன ஜோலி என்று காலையிலிருந்து சொந்தக்காரர்கள் மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

ஜோலியை இழுத்துவிட்டவன் கொட்டாம்பட்டி முத்திருளன். வயல் சகதியில் லோடு அடிக்கப் பழைய ஜீப் ஒன்று வைத்திருந்தான். நாலு சக்கரமும் இழுக்கும் வண்டி. சகதியில் மாட்டினால் கியருக்குப் பக்கத்திலிருக்கும் சின்ன லீவரை இழுத்துவிட வேண்டும், முன் சக்கரங்களும் சேர்ந்து இழுக்கும். தார் ரோட்டுக்கு வந்ததும் அதை எடுத்துவிட வேண்டும். அவனோ மறந்துவிட்டு அப்படியே ஓட்டி, முன் சக்கரத் தண்டை இரண்டு தடவை உடைத்திருந்தான். "முன்னாடி எம்புட்டு இழுக்குது, பின்னாடி எம்புட்டு இழுக்குதுன்னு கண்ணுக்குத் தெரிஞ்சா நல்லாருக்கும்ண்ணே" என்று தராசு ரிப்பேருக்கு வந்த இடத்தில் பேச்சுவாக்கில் சொல்லிவைத்தான்.

ஜனகராஜ் அதைப் பிடித்துக்கொண்டார். எடை வைத்தால் தராசுக்குள் இருக்கும் இரும்பு மயிரிழை அளவு வளையும், அதில் ஒட்டிய மெல்லிய தகடு அதைக் கண்டுபிடித்து எண்ணாகக் காட்டும். சக்கரத்துக்குப் போகிற தண்டும் இழுக்கும்போது மயிரிழை அளவு முறுக்கிக்கொள்ளத்தானே செய்யும்? முன் தண்டிலும் பின் தண்டிலும் தகட்டை ஒட்டினார். செப்பு வளையம் மாட்டி, மிக்ஸி மோட்டாரின் கார்பன் கட்டையை அதன்மேல் உரசவிட்டு, அதிலிருந்து வயர் எடுத்தார். ஸ்டியரிங் பக்கத்தில் ஒரு டிபன் டப்பாவைப் பொருத்தி, இரண்டு வரிசையாகப் பத்துப் பத்துச் சிவப்பு விளக்குகள் வைத்தார். மேல்வரிசை முன் சக்கரங்களுக்கு, கீழ்வரிசை பின் சக்கரங்களுக்கு. எவ்வளவு இழுக்கிறதோ அத்தனை விளக்கு எரியும்.

இரண்டு மாதமாக ஞாயிற்றுக்கிழமை வந்தால் அதே பைத்தியம்தான். விளக்குகளை எண்ணிச் சொல்ல மனைவி கனகலட்சுமியையும் பக்கத்தில் ஏற்றிக்கொள்வார். ஊரில் எல்லாரும் பெண்டாட்டியைக் கோயிலுக்குக் கூட்டிப்போனால் இந்த மனுஷன் கண்மாய்ச் சகதிக்குக் கூட்டிப்போகிறார் என்று திட்டிக்கொண்டே ஏறுவாள். முன்னால் மூன்று, பின்னால் ஏழு என்று உரக்க எண்ணியபடி சேலையெல்லாம் சேறாகத் திரும்பி வருவாள். அவளுக்கும் அது பிடித்துத்தான் இருந்தது.

முத்திருளன் கோகுல்நாத்தின் கையைப் பிடித்து ஆஸ்பத்திரி சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் இழுத்துப்போனான். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது.

"அண்ணே, முந்தாநாள் சகதியிலருந்து அப்படியே ஓட்டியாந்து ஒங்க வீட்டு வாசல்ல விட்டேன். லீவரை எடுத்தேனா இல்லையான்னு ராத்திரியெல்லாம் ரோசனை. எடுக்கலண்ணே. நீங்க ஏறுனதும் அதைப் பாத்தீங்கள்ல?"

கோகுல்நாத் கையை விடுவித்துக்கொண்டான்.

அவன் பார்க்கவில்லை. நேற்று விளாங்குடி வீட்டுக்குப் பக்கத்துக் காலிமனையில் ஜீப்பின் பின்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, கட்டை கொடுத்து, அண்ணன் அடியில் படுத்திருந்தார். பின் சக்கரங்கள் அந்தரத்தில் சுற்ற வேண்டும், கார்பன் கட்டை வளையத்தில் சரியாக உரசுகிறதா என்று அவர் பார்க்க வேண்டும். கோகுல்நாத் சீட்டில் இருந்தான். கியர் போடச் சொல்வதற்கு முன்னால் அடியிலிருந்து அண்ணன் கேட்டார், முன் சக்கரம் இழுக்காது இல்லையா என்று. அவன் டப்பாவைப் பார்த்தான். மேல்வரிசையில் ஒரு விளக்குகூட எரியவில்லை. இழுக்காது என்றான்.

லீவர் எடுக்கப்படாமலே கிடந்தது, முன் சக்கரங்கள் தரையில்தானே இருந்தன. கிளட்ச்சை விட்டதும் வண்டி ஒரு கஜம் முன்னால் பாய்ந்தது. ஜாக்கி சாய்ந்து, கட்டை நழுவி, பின் அச்சு அப்படியே இறங்கிவிட்டது. ஈயம் வைத்துப் பற்றவைப்பதற்காக மேல்வரிசையின் வயரை அண்ணன் காலையில் தன் கையாலேயே கழற்றிப்போட்டிருந்தார். டப்பாவுக்குக் கீழே அது தொங்கிக்கொண்டிருந்ததைக் கோகுல்நாத் பிறகுதான் பார்த்தான். கியரே போடாமல் நிற்கும் வண்டியில் எந்த விளக்கும் எரியாது என்பதுகூட அப்போது அவன் மண்டையில் ஏறவில்லை. அண்ணன் செய்த பொருள், அது தப்பாகச் சொல்லாது என்று குருட்டுத்தனமாக நம்பினான். குனிந்து லீவரைப் பார்க்க அரை நிமிஷம் ஆகியிருக்குமா?

ஏட்டு ஒருவர் அட்டையில் காகிதத்தைச் செருகிக்கொண்டு வந்தார். கனகலட்சுமி பெஞ்சில் இருந்தாள், பக்கத்தில் பிளஸ் டூ படிக்கும் மகள் பிருந்தா அவள் தோளில் சாய்ந்திருந்தாள்.

"ஏம்மா, ஒங்க வீட்டுக்காரர் சாவுல சந்தேகம் எதுவும் உண்டா? யார் மேலயாச்சும் புகார் இருந்தா இப்பவே சொல்லிருங்க. எழுதிட்டா அப்புறம் மாத்த முடியாது."

கனகலட்சுமி அவருக்குப் பதில் சொல்லாமல் கோகுல்நாத்தைப் பார்த்தாள். அவர்கள் வீட்டில் பேசுவது சௌராஷ்டிரம். தமிழெல்லாம் வாசற்படிக்கு வெளியேதான். அவள் கல்யாணமாகி வந்தபோது அவன் ஒன்பதாவது படித்துக்கொண்டிருந்தான். அன்றிலிருந்து வாடா, போடாதான். இப்போதும் சௌராஷ்டிரத்தில், குரலை உயர்த்தாமல் கேட்டாள்.

அவர் கேட்டதும் நீ சொன்னதும் அடுப்படிவரை கேட்டதுடா. நீ லீவரைப் பார்த்துச் சொன்னாயா, விளக்கைப் பார்த்துச் சொன்னாயா?

பொய் சொல்ல அவனுக்கு வாய் வந்தது. வேறு யாரும் கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

விளக்கைப் பார்த்து, என்றான் அவனும் சௌராஷ்டிரத்தில். லீவரைப் பார்க்கவில்லை.

பிருந்தா தோளிலிருந்து தலையை எடுத்தாள். ஏட்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றாரு?"

கனகலட்சுமி முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். துடைத்து முடிக்க வெகுநேரம் ஆன மாதிரி இருந்தது.

"ஜாக்கி வழுக்கிருச்சுங்கறாரு" என்றாள். "யார் மேலயும் சந்தேகம் இல்ல. எழுதிக்கங்க."

ஏட்டு எழுதினார். அவள் கையெழுத்துப் போட்டாள், அவனும் அதன் கீழே போட்டான்.

மகன் இல்லாத வீடு. கொள்ளியைத் தம்பிதான் வைக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொன்னபோது கோகுல்நாத் அவள் முகத்தைப் பார்த்தான். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிட மாட்டாளா, கூட்டத்துக்கு நடுவே நின்று தன்னைத் தூற்ற மாட்டாளா என்று ஏங்கினான். தூற்றினால் காலில் விழலாம். அவள் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தத்தனேரிச் சுடுகாட்டில் மண்பானையைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் மூன்று சுற்றுச் சுற்றினான், திரும்பிப் பார்க்காமல் கொள்ளி வைத்தான். எல்லாம் முறைப்படி நடந்தது.

குளித்துவிட்டு வீடு திரும்பும்போது வெயில் தாழ்ந்திருந்தது. உறவுக்காரர் வீட்டிலிருந்து வந்த சோற்றையும் ரசத்தையும் கூடத்தில் இலைபோட்டுப் பரிமாறிக்கொண்டிருந்தார்கள். கோகுல்நாத் ஈர வேட்டியோடு கதவோரம் நின்றான். இவன் நேற்றிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை, நீ சொன்னால்தான் கேட்பான், ஒரு வார்த்தை சொல்லம்மா என்று பெரியப்பா ஒருவர் கனகலட்சுமியிடம் சௌராஷ்டிரத்தில் கெஞ்சினார்.

மூலையில் இருந்த கனகலட்சுமி நிமிர்ந்தாள்.

"வாங்க தம்பி. வந்து உக்காந்து சாப்பிடுங்க" என்றாள், தமிழில்.

துக்கத்தில் இருக்கிறவள் எந்தப் பாஷையில் பேசினால் என்ன என்று கூடத்தில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பிருந்தா மட்டும் அம்மாவைப் பார்த்தாள், பிறகு சித்தப்பாவைப் பார்த்தாள். கனகலட்சுமி மகள் பக்கம் திரும்பி, பெரிய தாத்தாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வை என்று சௌராஷ்டிரத்தில் சொன்னாள்.

"சாப்பிடுறேன் மதினி" என்றான் கோகுல்நாத், அவனும் தமிழில். கடைசி இலையில் போய் உட்கார்ந்தான்.